வான்கூவர் தீவின் பழங்காட்டில் ஏன் ஒன்றுமே கண்ணில் படுவதில்லை?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள விக்டோரியா நகரத்தில் அக்கா வீடு. ஜூலை நடுவில் இரண்டு குழந்தைகளோடு வருகிறார். போன தடவை வந்தபோது தீவின் கதீட்ரல் குரோவ் என்ற பழைய சோலையில் இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார். ஓர் அணில்கூட உருப்படியாகக் கண்ணில் படவில்லையாம். "மழைக்காடு என்கிறார்கள், மிருகங்கள் எல்லாம் எங்கே? எப்போது, எங்கே போனால் பார்க்கலாம்?" இது முதல் கேள்வி. "பழைய காட்டை இன்னும் வெட்டுகிறார்களாமே? வெட்டிய இடத்தில் திரும்ப நடுகிறார்கள்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு சண்டை?" இது இரண்டாவது.

இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் கட்சி. உங்கள் கண்ணில் எது படவில்லையோ, அதுதான் நட்டால் திரும்பி வராதது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு எதிர்பார்ப்பைக் கழற்றி வைக்க வேண்டும். முதுமலையில் வண்டியில் போனால் சாலையோரம் மான் கூட்டமாவது நிற்கும். இங்கே அப்படி இல்லை. இந்தத் தீவு ஏறக்குறைய இலங்கையில் பாதி அளவு. மேற்குக் கரையில் பசிபிக்கின் ஈரக்காற்று மலையில் மோதி வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழையாகக் கொட்டுகிறது. தீவின் ஹெண்டர்சன் ஏரியில் 1997-ல் மட்டும் 9,300 மில்லிமீட்டரைத் தாண்டியது. அந்தத் தண்ணீரெல்லாம் மரமாகவும் பாசியாகவும் பெரணியாகவும் ஆகிவிடுகிறது. காட்டின் உயிர்ச்சரக்கில் பெரும்பங்கு மரக்கட்டையாக நிற்கிறது, அல்லது விழுந்து கிடக்கிறது. மிருகங்கள் எண்ணிக்கையில் குறைவு, சத்தம் போடாதவை. பல உயிர்கள் உங்கள் தலைக்கு 40, 50 மீட்டர் மேலே இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது.

இந்தக் காட்டை ஆங்கிலத்தில் ஓல்டு குரோத் என்கிறார்கள். தமிழில் 'முதுகாடு' என்று எழுதலாமே என்று எனக்கு வெகுநாள் ஆசை. சங்கத் தமிழில் அதற்குச் சுடுகாடு என்று பொருள். அதனால் பழங்காடு என்றே எழுதுகிறேன். கடலோரப் பகுதியில் 250 வயதைக் கடந்த மரங்கள் உள்ள காட்டைப் பழங்காடு என்று இந்தத் தீவு இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் அரசு வகுத்திருக்கிறது. வயது ஓர் அடையாளம்தான். பழங்காட்டில் எல்லா வயது மரமும் இருக்கும்: ஆயிரம் வருடத்து ரெட் சிடார், அதன் பக்கத்திலேயே முழங்கால் உயர ஹெம்லாக் கன்று, நின்றபடியே செத்துப்போன மரம், விழுந்து நூறு வருடமாக மக்கிக்கொண்டிருக்கும் மரம். ஒரு மரம் சாயும்போது கூரையில் ஓட்டை விழுந்து வெளிச்சம் உள்ளே வருகிறது. அந்த வெளிச்சத்துக்காக அடுத்த தலைமுறை காத்துக் கிடக்கிறது.

சரி, கதீட்ரல் குரோவ். நெடுஞ்சாலை 4 அந்தக் காட்டை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ஜூலை மதியத்தில் சுற்றுலாப் பேருந்துகளும் கேம்பர் வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். அங்கே உள்ள டக்ளஸ் ஃபிர் மரங்களில் பெரியவை 800 வயதானவை. மரத்தைப் பார்க்க நல்ல இடம், மிருகம் பார்க்க இல்லை. நானும் முதல் வருடம் அங்கேதான் போனேன். சென்னையிலிருந்து வந்த நண்பர் குடும்பம் கூட இருந்தது. விழுந்த மரத்தில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தலையில் கருங்கொண்டை வைத்த ஆழ்நீலப் பறவை ஒன்று கையெட்டும் கிளையில் வந்து உட்கார்ந்தது. ஸ்டெல்லர்ஸ் ஜே, காக்கைக் குடும்பம். குழந்தைகளுக்கு ஒரே குஷி. கீழே சிந்திய தூளை அது பொறுக்க, இன்னொன்று வந்தது, மூன்றாவதும் வந்தது. நானே ஒரு துண்டை உடைத்துப் போட்டேன்.

அந்த முறுக்குத் துண்டு எவ்வளவு தப்பான காரியம் என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆயிற்று. அதற்கு இன்னொரு பறவையைச் சொல்ல வேண்டும்.

மார்பிள்ட் முர்ரெலெட் என்று பெயர். மைனாவைவிடக் கொஞ்சம் குண்டு, வாலே இல்லாததுபோல் இருக்கும். கடற்பறவை. நாளெல்லாம் கரையோரக் கடலில் மூழ்கி மூழ்கிச் சின்ன மீன் பிடிக்கும். 1789-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் வட அமெரிக்காவில் இது எங்கே முட்டையிடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பாறை இடுக்கில் தேடினார்கள், தீவுகளில் தேடினார்கள், கூடு கிடைக்கவில்லை. 1974 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில், ஆபத்தாகத் தொங்கிய கிளைகளை வெட்ட டக்ளஸ் ஃபிர் ஒன்றில் ஏறிய தொழிலாளி, 40 மீட்டருக்கு மேலே ஒரு கிளையில் கிட்டத்தட்ட மிதிக்கப் போனார். பாசிக்கு நடுவே ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. கடற்பறவை, காட்டு மரத்தின் உச்சியில்! கனடாவில் முதல் கூடு கிடைத்தது 1990-ல், இந்தத் தீவின் வால்பிரான் பள்ளத்தாக்கில். ஆனால் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் இதன் குரலை அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். விடியற்காலையில் மூடுபனிக்கு உள்ளிருந்து கத்திக்கொண்டு போவதால் 'மூடுபனி வானம்பாடி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஆளைத்தான் பார்த்ததில்லை.

இந்தப் பறவை கூடு கட்டுவதே இல்லை. சுள்ளி பொறுக்காது, நார் கொண்டு வராது. அகலமான பழைய கிளையின் மேல் மெத்தைபோல் பாசி படர்ந்திருக்க வேண்டும். அதில் சின்னப் பள்ளம் அழுத்தி ஒரே ஒரு முட்டை இடும். ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு நாள் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருக்க மற்றது கடலில் இருக்கும். விடியும் முன் இருட்டில் முறை மாற்றம். குஞ்சு பொரித்தபின் மீன் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு பல கிலோமீட்டர் பறந்து வரும். சிறகு முளைத்த குஞ்சு ஒருநாள் அந்தக் கிளையிலிருந்து கிளம்பித் தனியாகக் கடலுக்குப் பறந்துபோகும். அதற்குமுன் அது கடலைப் பார்த்ததே இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கிளை அந்த அகலத்துக்குப் பருக்க, அதன் மேல் அந்தக் கனத்துக்குப் பாசி சேர, குறைந்தது இருநூறு வருடம் ஆகும். நட்டுவைத்த அறுபது வயது மரத்தில் கிளையெல்லாம் மெல்லியதாக, பாசி இல்லாமல் இருக்கும். பறவைக்கு உட்கார இடம் கிடையாது.

முறுக்குக்கு வருகிறேன். முர்ரெலெட் முட்டையையும் குஞ்சையும் தின்பவற்றில் முக்கியமானவை ஸ்டெல்லர்ஸ் ஜேயும் அண்டங்காக்கையும்தான். மனிதர் சோறு சிந்தும் இடத்தில் இவை பெருகும். பெருகினால் பக்கத்து மரங்களை ஒவ்வொரு கிளையாகத் துழாவும். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரப் பூங்காக்களில் ஒரு துணுக்குகூடச் சிந்தாதீர்கள் என்று தனி இயக்கமே நடத்துகிறார்கள். வெட்டிய காட்டின் ஓரங்களிலும் இதே கதை. வெளிச்சம் விழுந்த ஓரத்தில் பெர்ரிச் செடி வளரும். அதற்கு ஜே வரும். ஓரத்தை ஒட்டி நிற்கும் பழைய மரத்தில் கூடு வைத்த முர்ரெலெட்டுக்கு ஆபத்து. காட்டை முழுக்க வெட்ட வேண்டியதில்லை, துண்டு துண்டாக நறுக்கினாலே போதும்.

நீங்கள் ஜூலையில் வருகிறீர்கள் என்பது இதற்கு நல்ல நேரம். முர்ரெலெட் அதிகமாக வந்துபோவது ஜூலையில்தான். சூரியன் ஐந்தரை வாக்கில் உதிக்கும். முக்கால் மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். மேலே வானம் கொஞ்சமாவது திறந்து தெரியும் இடமாகப் பாருங்கள்: ஓடைக் கரை, பாலம், காட்டுச் சாலையின் வளைவு. உடம்பைச் சாய்த்து மேலே பார்க்க ஒரு பாய் போதும். நான் முதல் தடவை போனபோது புது மழைக்கோட்டு போட்டிருந்தேன். கையை அசைத்தால் சரசரவென்று பிளாஸ்டிக் பை சத்தம். பக்கத்தில் இருந்த அனுபவசாலிப் பெண்மணி ஒன்றும் சொல்லாமல் பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்தார். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் வேரீட் திரஷ் கூப்பிடும். ஒரே சுரம், நீளமான விசில், நிறுத்தம். அப்புறம் வேறு சுரத்தில் இன்னொரு விசில். எங்கோ பழைய தொலைபேசி மணி அடிப்பதுபோல் இருக்கும். அதன்பின் பசிபிக் ரென். கட்டைவிரல் அளவுப் பறவை, ஒரு மூச்சில் அத்தனை சுரங்களைக் கொட்டும். இவற்றுக்கு மேலே, வானத்திலிருந்து 'கீர், கீர்' என்று இரண்டு தடவை கேட்டால் அதுதான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விடும். மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகம் சாதாரணம். அதிர்ஷ்டம் இருந்தால் மரக்கூரைக்குக் கீழே, கத்தாமல், இறக்கை விர்ரென்று துடிக்க ஒன்று கிளைகளுக்குள் நுழைவது தெரியும். ஆய்வாளர்களுக்கு இது முக்கியமான அறிகுறி. உச்சிக்கு மேலே கத்திக்கொண்டு பறப்பது கடந்து போகிற பறவையாக இருக்கலாம். கூரைக்குக் கீழே சத்தமின்றி நுழைந்தால் அங்கே கூடு இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படித் தெரிந்தது ஒன்பது விடியலில் இரண்டு முறை, இரண்டும் சேர்த்து மூன்று விநாடி இருக்கும்.

கரடி பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள், தெரியும். காட்டுக்குள் தேடாதீர்கள், கடற்கரைக்குப் போங்கள். மேற்குக் கரை ஊரான டோஃபினோவிலிருந்து படகில் கூட்டிப்போவார்கள். கடல் வற்றும் நேரத்தில் கருங்கரடிகள் கரைக்கு இறங்கி, ஒரு கையால் பாறையைப் புரட்டி, அடியில் ஓடும் நண்டைப் பொறுக்கித் தின்னும். வீட்டில் சோபாவுக்கு அடியில் எதையோ தேடுகிற ஆள் மாதிரியே இருக்கும். வற்றம் எந்த நேரம் என்று அட்டவணை பார்த்துத்தான் படகே கிளம்பும். தீவில் கருங்கரடிதான், கிரிஸ்லி எப்போதாவது பெருநிலத்திலிருந்து நீந்தி வந்தால் உண்டு.

இந்தக் கரடிக்கும் பழைய மரம்தான் வீடு. இங்கே குளிர்காலம் என்றால் பனியைவிட மழைதான். மண்ணில் குழி தோண்டிப் படுத்தால் தண்ணீர் ஊறும். அதனால் உள்ளே கூடாகிப்போன பெரிய சிடாரின் பொந்திலோ, பெரிய கட்டைக்கு அடியிலோ புகுந்துகொள்ளும். குட்டி போடுவதும் அங்கேதான். ஒரு கரடி நுழையும் அளவுக்கு மரம் பருத்து, உள்ளே மக்கிக் கூடாக சில நூற்றாண்டுகள் ஆகும். நடவுக்காட்டில் அந்தப் பொந்து உருவாவதற்குள் மரத்தை அறுவடை செய்துவிடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் வர முடிந்தால் சால்மனையும் பார்க்கலாம். விக்டோரியாவிலிருந்து அரை மணியில் கோல்ட்ஸ்ட்ரீம் பூங்கா. அக்டோபர் கடைசியிலிருந்து சம் சால்மன் ஓடையில் ஏறும், முட்டையிட்டுச் சாகும். பிணங்கள் குவிந்தபின் வெண்தலைக் கழுகுகள் வந்து சேரும். நாற்றம் தாங்காது, ஆனால் காடு எப்படி வளர்கிறது என்பதை அங்கே மூக்காலேயே தெரிந்துகொள்ளலாம். கரடி மீனைக் கவ்விக் காட்டுக்குள் கொண்டுபோய், மூளையையும் சினையையும் தின்று மீதியைப் போட்டுவிடும். டாம் ரெய்ம்சென் என்ற விக்டோரியா பல்கலைக்கழக உயிரியலாளரும் அவரது மாணவர்களும் ஓடைக்கரை மரங்களில் துளைபோட்டு எடுத்த கட்டையில் கடல் மீனில் அதிகமாக இருக்கும் கனத்த வகை நைட்ரஜன் சேர்ந்திருப்பதைக் காட்டினார்கள். காட்டில் நிற்கிற மரத்தின் உடம்பில் கடல் மீன் இருக்கிறது.

ஜூலையில் இது கிடைக்காது, பரவாயில்லை. குழந்தைகளுக்கு ஒரு விழுந்த மரத்தைக் காட்டுங்கள். நர்ஸ் லாக் என்பார்கள். செவிலித்தாய் என்று நம் வழியில் சொன்னாலும் பொருந்தும். தரையில் பாசியும் பெரணியும் அடர்ந்து கிடப்பதால் ஹெம்லாக் விதைக்கு இடம் கிடைப்பதில்லை. விழுந்த மரத்தின் முதுகில்தான் முளைக்கிறது. பத்துப் பன்னிரண்டு கன்றுகள் ரயில் பயணிகள் மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். முந்நூறு வருடம் கழித்துச் செவிலி மக்கிப்போய்விடும், மரங்கள் மட்டும் வரிசை கலையாமல், வேர்கள் காற்றில் கால் பரப்பி நிற்கும். கீழே குனிந்து ஒருவர் நுழைந்து போகலாம். அந்த வேரின் அடியில் இருக்கும் வெற்றிடம்தான் செத்துப்போன மரத்தின் அளவு. எல்லாக் குழந்தையும் இதற்குள் நுழையும். பிறகு மஞ்சள் நிறத்தில் வாழைப்பழம் மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு ஊர்கிற ஓடில்லா நத்தையைக் கண்டுபிடித்துக் கத்தும். பனானா ஸ்லக். தொட்டால் கையில் பசை ஒட்டும், சோப்புக்கும் எளிதில் போகாது.

மேலே கிளைகளிலும் இதேபோல் ஓர் உலகம் உண்டு. நளினி நட்கர்னி என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர் கயிறு கட்டி மரத்தில் ஏறி, அமெரிக்காவின் ஒலிம்பிக் தீபகற்பத்து மேப்பிள் மரங்கள் தம் கிளைகளிலேயே வேர்விட்டு, அங்கே சேர்ந்த பாசி மண்ணிலிருந்து உணவு எடுப்பதை 1981-ல் காட்டினார். மரம் தன் தலையில் இருக்கும் மண்ணையே சாப்பிடுகிறது. அந்த மண் சேர எத்தனை காலம் ஆகியிருக்கும் பாருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. நடுகிறார்கள், அது உண்மை. சட்டப்படி நட்டே ஆக வேண்டும். ஆனால் ஒரே வயது, ஓரிரண்டு இனம், நெருக்கமான நடவு. இருபது வருடத்தில் மேலே மூடிக்கொள்ளும். கீழே இருட்டு, காய்ந்த ஊசியிலை, வேறொன்றும் இல்லை. அறுபது, எண்பது வருடத்தில் மறுபடி வெட்டு. மரம் திரும்பி வருகிறது. பொந்து, அகலக் கிளை, செவிலிக்கட்டை, கிளை மேல் மண் இவை வருவதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

2020 வாக்கில் அரசு சொன்ன எண் ஒன்று உண்டு: மாகாணத்தில் 1.32 கோடி ஹெக்டேர் பழங்காடு மிச்சம். கேட்டால் நிம்மதியாக இருக்கும். 2020-ல் மூன்று சுதந்திர விஞ்ஞானிகள் அந்த எண்ணையே பிரித்துப் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி மலை உச்சியிலும் சதுப்பிலும் நிற்கும் குள்ள மரங்கள். வயது முந்நூறு இருக்கும், தடி கை அளவு. பெரிய மரம் வளரக்கூடிய வளமான பள்ளத்தாக்கில் இருப்பது அதில் சுமார் 3 சதவீதம்தான். முர்ரெலெட்டுக்கும் கரடிக்கும் வேண்டியது அந்த 3. ரம்பத்துக்கு வேண்டியதும் அதே 3. சண்டை அங்கேதான். அதே வருடம் அரசே நியமித்த இரண்டு பேர் குழு 14 பரிந்துரைகளைக் கொடுத்தது. 2021 நவம்பரில் 26 லட்சம் ஹெக்டேரில் வெட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. தற்காலிகம் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

சண்டைக்குப் பழைய வரலாறு உண்டு. 1984-ல் டோஃபினோவுக்கு எதிரே உள்ள மீர்ஸ் தீவை வெட்ட ஒரு நிறுவனம் ஆட்களை அனுப்பியது. அந்த மண்ணின் ட்லா-ஓ-குவி-ஆட் மக்கள் தீவைத் தங்கள் பூங்காவாக அறிவித்தார்கள். அப்போதைய தலைவர் மோசஸ் மார்ட்டின் வந்தவர்களை விருந்தாளிகளாக வரவேற்று, ரம்பத்தை மட்டும் படகிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். அடுத்த வருடம் நீதிமன்றம் தடை விதித்தது. மீர்ஸ் இன்றும் வெட்டப்படாமல் நிற்கிறது. அந்த வழக்கில் சாட்சியாக நின்றவற்றில் மரங்களும் உண்டு. சிடார் பட்டையை நீளமாக உரித்துக் கூடையும் துணியும் நெய்வது இந்த மக்களின் வழக்கம். மரம் சாவதில்லை, உரித்த இடத்தில் மேலே கூர்த்துப்போகும் நீண்ட வடு இருக்கும். வடுவின் ஓரத்தில் வளர்ந்த வளையங்களை எண்ணினால் எந்த ஆண்டு உரித்தது என்று சொல்லிவிடலாம். யாருமற்ற காடு என்ற பேச்சு அதோடு முடிந்தது. 1846-க்கு முந்தைய வடு உள்ள மரத்தை அனுமதியில்லாமல் சட்டம் தொடவிடாது. நீங்கள் நடக்கும்போது ஒன்றாவது கண்ணில் படும், தேடிப் பாருங்கள்.

1993 கோடையில், மீர்ஸ் இருக்கும் அதே கிளாக்வாட் பகுதியில் சாலை மறியலில் 800 பேருக்கும் மேல் கைதானார்கள். 2024-ல் அங்கே 76,000 ஹெக்டேரைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். இடையில் முப்பத்தொரு வருடம். பெருநிலக் கரையில் 64 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள கிரேட் பேர் மழைக்காட்டுக்கு 2016-ல் உடன்பாடு வந்தது. காட்டின் 85 சதவீதத்தில் வெட்டு கிடையாது. 2020 ஆகஸ்டில் தீவின் தென்மேற்குக் கரையில், போர்ட் ரென்ஃப்ரூ பக்கம் ஃபேரி கிரீக்கில் தொடங்கிய மறியலில் 1,100-க்கும் மேல் கைது. இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது: அந்த மண்ணுக்குரிய பச்சிடாட் மக்களின் தலைமையே போராட்டக்காரர்களைப் போகச் சொன்னது. அவர்களுக்கு மரத்தொழிலில் பங்கு இருக்கிறது. நூறு வருடம் பிறர் வெட்டிக்கொண்டு போனதை வேடிக்கை பார்த்தவர்கள், முடிவு எங்களுடையது என்றார்கள். அதே மக்கள் 2021 ஜூனில் பக்கத்து இரண்டு மக்களோடு சேர்ந்து ஃபேரி கிரீக்கில் வெட்டை நிறுத்திவைக்கவும் கேட்டார்கள், அரசு ஒப்புக்கொண்டது. நகரத்திலிருந்து போகிற என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான பாடம்தான்.

விருந்தாளியாக வருகிற நீங்கள் என்ன செய்ய முடியும்? நிறையவே. ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் என்ற, உயிர்களையும் பறவைகளையும் பதியும் செயலிகள் இரண்டையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதை, பார்த்ததை, இடமும் நேரமும் சேர்த்துப் பதியுங்கள். ஃபேரி கிரீக் பக்கத்தில் மரத்தில் படரும் அரிதான லைக்கன்களையும் சிறிய ஆந்தைகளின் குரலையும் பதிவு செய்தவர்களில் சம்பளத்துக்கு வேலை செய்யாத ஆர்வலர்களும் இருந்தார்கள். இல்லாத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி யாரும் மனுப் போட முடியாது. இருக்கிறது என்று முதலில் எங்காவது எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஆந்தை இருக்கும் மரத்தையும் கூட்டையும் வாட்ஸ்அப் குழுவில் பரப்பாதீர்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். குஞ்சுக்கு மீன் கொண்டு வர வேண்டிய நேரத்தில் அது இல்லாத எதிரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

இடம்: குழந்தைகளோடு என்றால் டோஃபினோ வழியில் தேசியப் பூங்காவின் ரெயின்ஃபாரஸ்ட் டிரெய்ல் போதும், மரப்பலகைப் பாதை, வழி தவறாது. விக்டோரியாவிலிருந்து ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்றால் போர்ட் ரென்ஃப்ரூ. அங்கே அவதார் குரோவ் என்ற சின்னச் சோலை 2012-ல் காப்பாற்றப்பட்டது. அதைத் தாண்டிப் போனால் பிக் லோன்லி டக். 66 மீட்டர் உயர டக்ளஸ் ஃபிர். சுற்றிலும் வெட்டிய நிலம், நடுவில் இது மட்டும். வெட்டுக்கு எல்லை குறிக்கப் போன டென்னிஸ் க்ரோனின் என்ற வனப் பொறியாளர் அதன் அடியில் நின்றவர், 'இதை விடு' என்று அச்சடித்த பச்சை நாடாவைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார். வெட்ட வந்தவர்களும் மதித்தார்கள். மனம் கனக்கிற இடம். பழங்காடு பார்த்த கையோடு அதையும் பாருங்கள். நாடாக்காரரின் மனசைப் பாராட்டுவேன், ஆனால் ஒற்றை மரத்தில் முர்ரெலெட் தங்காது.

கார்மனாவுக்கு இந்தத் தடவை வேண்டாம். கனடாவின் மிக உயரமான ஸிட்கா ஸ்ப்ரூஸ், 95 மீட்டருக்குமேல், அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. ஆனால் போகிற வழி சரளைச் சாலை, மரலாரி எதிரே வந்தால் ஒதுங்க வேண்டியது நீங்கள்தான், போன் எடுக்காது. வாடகைக் காரில் நான் ஒருமுறை போய் டயர் கிழிந்து நாலு மணி நேரம் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் ஒரு பசிபிக் ரென் என் பூட்ஸுக்கு ஓரடி தள்ளி வந்து புழு எடுத்தது என்பது வேறு விஷயம்.

கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள், மானுக்கு முப்பது. தீவில் கூகர் உண்டு, சிறுத்தைக்கு அண்ணன் மாதிரி. கண்ணில் படுவது அபூர்வம், ஆனாலும் குழந்தைகளை முன்னால் ஓட விடாமல் பெரியவர்களுக்கு நடுவில் நடக்கவையுங்கள். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகம் பார்த்து, சத்தம் போட்டபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். கரடி ஸ்பிரேயை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள், விமானத்தில் அனுமதி இல்லை. சாப்பாட்டு மிச்சம், ஆரஞ்சுத் தோல், முறுக்குத் தூள் எல்லாம் பைக்குள். மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடியை இங்கே வேறு வழியில்லாமல் சுட்டுவிடுகிறார்கள், மாகாணம் முழுக்க வருடத்துக்கு நூற்றுக்கணக்கில்.

முர்ரெலெட்டுக்கு முந்தின இரவே போர்ட் ரென்ஃப்ரூவில் தங்கிவிடுங்கள். நாலு மணிக்கு எழ வேண்டும். குழந்தைகளை எழுப்பாமல் போர்வையோடு அப்படியே பின் சீட்டில் கிடத்துங்கள். பாலத்தை ஒட்டி ஓரமாக வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வையுங்கள். கதவை அறைந்து சாத்தாதீர்கள். விசில் சத்தத்துக்கே சின்னவன் எழுந்துவிடுவான்.